கேத்தலின் அடியில் இரண்டு எண்கள்: மின்கட்டணத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

கொழும்பு 3, கொள்ளுப்பிட்டி, சென் மைக்கல் வீதியில் உள்ள மாடிக் கட்டடம் ஒன்றில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. நாம் பாவிக்கும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் என்ன விலை என்பதற்கு அனுமதி கொடுக்கும் இடம் அது. 2022 ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 சதவீதம் உயர்ந்தது. இரண்டையும் கூட்டி 141 சதவீதம் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் 100 ரூபா முதலில் 175 ரூபா ஆகிறது. அந்த 175இன் மீது 66 சதவீதம் ஏறும்போது ஏறத்தாழ 290 ரூபா ஆகிறது. பிறகு குறைப்புகளும் வந்தன: 2024 மார்ச்சில் 21.9 சதவீதம், அதே ஆண்டு யூலையில் 22.5 சதவீதம், 2025 ஜனவரியில் 20 சதவீதம். 2025 யூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறியது.

இந்தச் சதவீதங்களை நானும் செய்தியாக எழுதியிருக்கிறேன். அப்படி எழுதும் நேரமெல்லாம் வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "அதெல்லாம் சரி, எங்கட வீட்டு பில் ஏன் இவ்வளவு?" அதற்குச் சதவீதத்தில் பதில் கிடையாது. விலையை ஆணைக்குழு அனுமதிக்கிறது. எத்தனை அலகு என்பது நம் வீட்டுக்குள் நடக்கும் விடயம். அந்த அளவைக் கணக்கிடத் தெரியாவிட்டால், வீட்டுக்கு வரும் மின்சார பில்லையோ வீட்டு உரிமையாளர் சொல்லும் தொகையையோ கேள்வி கேட்க வழியில்லை.

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொள்ளுப்பிட்டியிலும் பெரிய வீடுகளைப் பிரித்து அனெக்ஸ்களாகவும் அறைகளாகவும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பல இடங்களில் மூன்று நான்கு குடும்பத்துக்கு ஒரே மீற்றர்தான். மாத முடிவில் உரிமையாளர் ஒரு தொகை சொல்வார், குடும்பங்கள் கொடுக்கும். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டதைப் பார்த்த தலைமுறை இது. இருக்க இடம் தந்தவரிடம் கணக்குக் கேட்க அவர்களுக்குத் தயக்கம் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் எண்கள் கையில் இருந்தால் சண்டை பிடிக்காமல் கேட்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிள் டைனமோவில் தொடங்குவோம்

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் ஓமின் விதி வரும். பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம். ஆனால் வடக்கில் போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்த விதி கையாலும் காலாலும் தெரிந்திருந்தது.

1990களில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் சாய்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவார். மற்றவர்கள் றேடியோவைச் சுற்றி இருப்பார்கள். வன்னியில் இந்த வழக்கம் இன்னும் நீண்ட காலம் இருந்தது.

அந்த டைனமோவில் பொதுவாக 6 வோல்ற், 3 வாற் என்று எழுதியிருக்கும். இந்தக் கட்டுரைக்குத் தேவையான எல்லாவற்றையும் அதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

பெடலை வேகமாகச் சுற்றினால் முன் லைற் பிரகாசமாகும். மெதுவாகச் சுற்றினால் மங்கும். வேகத்துடன் ஏறி இறங்குவது முதலில் வோல்ற். மின்னைக் கம்பிக்குள் தள்ளும் அழுத்தம் என்று அதை வைத்துக்கொள்ளலாம். அந்த அழுத்தத்தால் கம்பிக்குள் ஓடும் ஓட்டத்தின் அளவு அம்பியர். ஓட்டத்தை எதிர்ப்பது தடை. அதன் அலகு ஓம். ஒவ்வொரு செக்கனும் எவ்வளவு சக்தி வெளிச்சமாகவோ சூடாகவோ ஒலியாகவோ மாறுகிறது என்பதுதான் வலு. அதன் அலகு வாற். இந்தியப் புத்தகங்களில் இதைத் திறன் என்பார்கள், நம் பாடப்புத்தகத்தில் வலு.

நான்குக்கும் இடையிலான உறவு இரண்டே வரிதான்:

வலு = வோல்ற் × அம்பியர்

தடை = வோல்ற் ÷ அம்பியர்

டைனமோவில் போட்டுப் பாருங்கள். 3 வாற்றை 6 வோல்ற்றால் வகுத்தால் 0.5 அம்பியர். 6 வோல்ற்றை 0.5 அம்பியரால் வகுத்தால் 12 ஓம். அந்த லைற் எரியும்போது அதன் தடை அவ்வளவு.

சின்ன றேடியோ ஒன்று 6 வோல்ற்றில் 0.05 அம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். 6 × 0.05 = 0.3 வாற். லைற்றுக்குத் தேவையான வலுவில் பத்தில் ஒன்று. டைனமோவை டயரில் சாய்த்தவுடன் பெடல் பாரமாவதற்கு உராய்வு ஒரு காரணம். ஆனால் லைற்றையும் இணைத்ததும் இன்னும் பாரமாகும். அந்த மேலதிக பாரம்தான் வாற். லைற்றுக்கான சக்தியை நம் கையோ காலோ கொடுக்கிறது. றேடியோவுக்கு அதில் சிறு பங்கு போதும், அதனால் ஒரு சிறுபிள்ளையும் செய்தி முடியும்வரை சுற்ற முடிந்தது. டைனமோவிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் என்பதால், றேடியோவுக்குக் கொடுக்க முன் டயோட் போட்டு ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். பட்டம் இல்லாத எத்தனையோ பேர் இதைச் செய்து கொடுத்தார்கள்.

போர் முடிந்த பிறகுதான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம்வரை உயரழுத்த மின்பாதை மீண்டும் போய்ச் சேர்ந்தது. இப்போது சுவிச்சைப் போட்டால் லைற் எரிகிறது. கையில் பாரம் தெரிவதில்லை. அது மாத முடிவில் பில்லாக வருகிறது.

கேத்தலைத் திருப்பிப் பாருங்கள்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். ஒவ்வொரு மின்பொருளின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு சிறிய பட்டி ஒட்டியிருக்கும். அதில் வோல்ற்றும், கூடவே வாற் அல்லது அம்பியரும் இருக்கும். இரண்டு எண் தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கலாம்.

கேத்தல்: 230 வோல்ற், 2000 வாற். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 ஓம்.

அயன்: 230 வோல்ற், 1000 வாற். 4.35 அம்பியர். ஏறத்தாழ 53 ஓம்.

ஒரு எல்ஈடி மின்குமிழ்: 9 வாற். 0.04 அம்பியர்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். தடை கூடினால் சூடும் கூடும் என்று நினைப்பார்கள். மேலே பாருங்கள்: கேத்தலின் தடை அயனின் தடையில் பாதி, ஆனால் கேத்தல் இரண்டு மடங்கு வலுவை எடுக்கிறது. வீட்டில் வோல்ற் மாறாமல் இருப்பதால், தடை குறையக் குறைய ஓட்டம் கூடுகிறது, வலுவும் கூடுகிறது. தடை மிகவும் குறைந்து, இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொட்டால் ஓட்டம் கட்டுக்கடங்காமல் போகும். அதைத்தான் ஷோட் என்கிறோம்.

இந்தக் கணக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. கேத்தல், அயன், றைஸ் குக்கர், சுடுநீர் ஹீற்றர் போன்ற சூடாக்கும் பொருட்களுக்கு அப்படியே சரிவரும். ஃபான், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர் போன்றவற்றில் வோல்ற்றும் அம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. அங்கே இரண்டையும் பெருக்கினால் உண்மையான வாற்றைவிடக் கூடுதலான எண் வரும். வீட்டு மீற்றர் கணக்கெடுப்பது உண்மையான வாற்றை மட்டும்தான். ஆகவே அப்படியான பொருட்களுக்குப் பட்டியில் உள்ள வாற்றை நேரடியாக எடுங்கள். பழைய இழை மின்குமிழிலும் கவனம் தேவை: 230 வோல்ற், 60 வாற் குமிழ் எரியும்போது அதன் தடை 880 ஓம் அளவில் இருக்கும். அணைத்து ஆறவிட்டுக் கழற்றி மல்ரி மீற்றரால் அளந்தால் அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். மீற்றர் பழுதில்லை, இழை சூடாகும்போது தடை ஏறுகிறது.

வாற்றிலிருந்து அலகுக்கு

பில்லில் வரும் ஒரு அலகு என்பது 1000 வாற் ஒரு மணித்தியாலம் ஓடுவது. அயனை ஒரு மணித்தியாலம் விடாமல் பாவித்தால் ஒரு அலகு. 2000 வாற் கேத்தல் அரை மணித்தியாலத்தில் ஒரு அலகு. 9 வாற் மின்குமிழ் ஒரு அலகைச் செலவழிக்க 111 மணித்தியாலம் எடுக்கும்.

கொள்ளுப்பிட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மூன்று குடும்பம், ஒரு மீற்றர். மேல்மாடியில் இருக்கும் அம்மா ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, நாங்கள் ஏசி வைக்கேல்ல, ஹீற்றரும் இல்லை. எங்களுக்கு ஏன் இவ்வளவு காசு?" இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ஒரு நாள் கணக்கு இப்படி வந்தது:

எல்ஈடி மின்குமிழ் 4, ஒவ்வொன்றும் 9 வாற், 5 மணித்தியாலம்: 0.18 அலகு
ஃபான் 2, ஒவ்வொன்றும் 60 வாற், 10 மணித்தியாலம்: 1.2 அலகு
றைஸ் குக்கர் 700 வாற், 40 நிமிடம்: 0.47 அலகு
கேத்தல் 2000 வாற், எல்லாமாக 15 நிமிடம்: 0.5 அலகு
அயன் 1000 வாற், 20 நிமிடம்: 0.33 அலகு
தொலைக்காட்சி 80 வாற், 4 மணித்தியாலம்: 0.32 அலகு
வைஃபை றூட்டர் 10 வாற், 24 மணித்தியாலம்: 0.24 அலகு
குளிர்சாதனப் பெட்டி, இடையிடையே நின்று ஓடுவதால் மதிப்பீடாக: 1 அலகு

கூட்டினால் ஒரு நாளைக்கு 4.24 அலகு, 30 நாளைக்கு 127 அலகு.

அம்மாவுக்கு முதல் ஆச்சரியம் ஃபான்தான். சத்தமில்லாமல் சுற்றும் இரண்டு ஃபான்கள், கேத்தலையும் அயனையும் சேர்த்தாலும் அவற்றைவிடக் கூடுதலாக எடுக்கின்றன. வாற் சிறிதாக இருந்தாலும் மணித்தியாலம் பெரிது. பில் என்பது இரண்டின் பெருக்கம்.

ஒரே மீற்றரின் விலை

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். 30, 60, 90, 120, 180 அலகுகள் என்று படிகள் இருக்கின்றன. மேலே போகப் போக அலகின் விலை கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். மொத்தப் பாவனை 60ஐத் தாண்டினால், முதல் 60 அலகுக்கும் அந்தக் குறைந்த விலை கிடையாது. அவையும் கூடிய விலையில் கணிக்கப்படும். மீற்றர் வாசிக்க வருபவர் 30 நாளுக்குப் பிந்தி வந்தால் படிகளும் நாட்களுக்கு ஏற்ப விரியும். ஆகவே பில்லைப் பார்க்கும்போது அலகை மட்டுமல்ல, நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மேல்மாடி 127 அலகு. மற்ற இரண்டு குடும்பங்களும் 110, 95 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீற்றர் இருந்தால் ஒருவர்கூட 180ஐத் தொடமாட்டார். ஒரே மீற்றரில் மூன்றும் சேர்ந்தால் 332. அதில் 152 அலகுகள் 180க்கு மேற்பட்ட, மிகக் கூடிய விலைப் படியில் விழுகின்றன. உரிமையாளர் ஒரு சதம்கூட வைத்துக்கொள்ளாமல் பில்லை அப்படியே பிரித்தாலும், குறைவாகப் பாவிக்கும் குடும்பம் அதிகம் பாவிக்கும் வசதியான வீட்டின் விலையைக் கட்டுகிறது.

இதை விளங்கிக்கொண்டால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். "நீங்கள் ஏமாற்றுகிறீர்களா?" என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மூன்று கேள்வி போதும்: மின்சார பில்லைப் பார்க்கலாமா? மொத்த அலகில் எங்கள் பங்கு எத்தனை? தனி மீற்றருக்கு விண்ணப்பிக்க முடியுமா? உடனே தனி மீற்றர் முடியாவிட்டால், ஒவ்வொரு பகுதிக்கும் உப மீற்றர் பொருத்தி, மொத்தத் தொகையை அலகுகளின் விகிதத்தில் பிரிக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையால் பிரிப்பதைவிட அது நியாயமானது. நியாயமான உரிமையாளருக்கும் அது நல்லது, மாதாமாதம் வரும் சந்தேகம் நீங்கும்.

படிகள் இருப்பதால் சிறு சேமிப்புக்கும் பெரிய பலன் உண்டு. 127 அலகு பாவிக்கும் வீட்டில் இரண்டு 60 வாற் ஃபானுக்குப் பதிலாக 30 வாற்றில் ஓடும் புதுவகை ஃபான் போட்டால் நாளுக்கு 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு குறையும். 127 என்பது 109 ஆகும். தனி மீற்றர் உள்ள வீட்டில் அது 120 என்ற படிக்குக் கீழே இறங்குவதாகும்.

மீற்றரைச் சோதிக்க ஒரு நிமிடம்

மீற்றர் சரியா என்ற சந்தேகம் வந்தால், யாரையும் கூப்பிட முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். புதிய மீற்றர்களில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். ஒரு அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீற்றரின் முகப்பில் அச்சிட்டிருக்கும். அது 1600 என்று வையுங்கள். வீட்டில் எல்லாவற்றையும், குளிர்சாதனப் பெட்டி உட்பட, நிறுத்துங்கள். கேத்தலை மட்டும் தண்ணீர் நிரப்பிப் போடுங்கள். 2000 வாற் என்றால் மணித்தியாலத்துக்கு 2 அலகு, அதாவது 3200 சிமிட்டல். 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 53. ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஐம்பதுக்குக் கிட்ட வந்தால் மீற்றர் ஒழுங்காகவே ஓடுகிறது. எழுபது எண்பது வந்தால் முறையிடக் காரணம் இருக்கிறது. பழைய மீற்றர்களில் விளக்குக்குப் பதில் தட்டு சுற்றும். ஒரு அலகுக்கு எத்தனை சுற்று என்று அதிலும் எழுதியிருக்கும். கணக்கு ஒன்றுதான்.

இன்னொரு சோதனை: எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் விளக்கு தொடர்ந்து சிமிட்டுகிறதா, தட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வேறு யாருடைய பாவனையோ உங்கள் மீற்றரில் ஏறுகிறது, அல்லது வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கிறது. இரண்டுமே உடனே பார்க்க வேண்டியவை.

பில்லைவிட முக்கியமான கணக்கு

இதுவரை காசைப் பற்றிச் சொன்னேன். இதே இரண்டு வரியால் உயிரையும் காக்கலாம்.

ஒவ்வொரு பிளக்குக்கும் வயருக்கும் ஒரு எல்லை உண்டு. 5 அம்பியர் பிளக் தாங்குவது 5 × 230 = 1150 வாற். 13 அம்பியர் சதுர முனைப் பிளக் 2990 வாற். 15 அம்பியர் 3450 வாற். சிறிய வீடுகளுக்குக் கொடுக்கும் 15 அம்பியர் இணைப்பில் முழு வீட்டுக்குமே அந்த 3450 வாற்தான்.

வாடகை அறைகளில் சுவரில் ஒரே ஒரு பிளக் இருக்கும், அதிலிருந்து ஒரு நீட்டிப்பு வயர் போகும். காலை நேரம் அதில் கேத்தல் 2000, றைஸ் குக்கர் 700, அயன் 1000. மொத்தம் 3700 வாற், 16 அம்பியர். நீட்டிப்பு வயரோ 13 அம்பியருக்குச் செய்தது. மலிவானது என்றால் அதுவும் இல்லை.

வயர் ஏன் சூடாகிறது? மேலே சொன்ன இரண்டு வரியையும் சேர்த்தால் மூன்றாவது வரி வரும்: வலு = அம்பியர் × அம்பியர் × தடை. அம்பியர் இரண்டு முறை பெருக்கப்படுவதால், ஓட்டம் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். ஆபத்து பெரும்பாலும் முழு வயரிலும் இல்லை, தளர்ந்துபோன ஓர் இணைப்பில் இருக்கும். பிளக்குக்குள் ஓர் ஆணி இறுகாமல் அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். கேத்தலின் 8.7 அம்பியர் அதனூடாக ஓடும்போது 8.7 × 8.7 × 0.5 = ஏறத்தாழ 38 வாற். றேடியோ திருத்துபவர்கள் ஈயம் உருக்கும் கருவி 25 முதல் 40 வாற்றுக்குள்தான் இருக்கும். ஈயத்தை உருக்கும் அளவு சூடு, உங்கள் பிளக்கின் பிளாஸ்ரிக்குக்குள், ஒரு விரல் நுனி அகலத்தில்.

இந்தச் சூட்டுக்குப் பிரேக்கர் விழாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கர் பார்ப்பது ஓட்டம் எல்லை மீறுகிறதா என்பதை மட்டும். தளர்ந்த இணைப்பில் ஓட்டம் கூடவில்லை, சற்றுக் குறையக்கூடச் செய்யும். கண்டுபிடிக்க நம் கையும் மூக்கும்தான் உண்டு: பிளக் தொட முடியாமல் சுடுகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, கருகல் மணம் வருகிறதா? அப்படியானால் அதைப் பாவிக்க வேண்டாம்.

ட்ரிப் சுவிச் வேறு வேலை செய்கிறது. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்க்கிறது. வீடுகளில் உள்ளவை பொதுவாக 0.03 அம்பியர் குறைந்தாலே விழும். ஏன் அவ்வளவு சிறிய எண்? ஈரமான கையுடன் நிற்கும் மனித உடலின் தடையை 1000 ஓம் என்று எடுத்தால், 230 ÷ 1000 = 0.23 அம்பியர் உடலூடாக ஓடும். இருதயத்தை நிறுத்த அதைவிட மிகக் குறைவான ஓட்டமே போதும். ட்ரிப் சுவிச்சில் சோதிப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பாதையின் கடைசி வீடு

கொழும்பில் பெரும்பாலும் 230 வோல்ற்றுக்குக் கிட்ட வரும். கிராமத்தில் மின்மாற்றியிலிருந்து தூரத்தில், பாதையின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு அப்படியல்ல. நீண்ட கம்பிக்கும் தடை உண்டு. மாலையில் எல்லா வீட்டிலும் லைற்றும் மோட்டரும் போடும்போது, அந்தத் தடையிலேயே ஒரு பகுதி வோல்ற் விழுந்துவிடும்.

கடைசி வீட்டில் 200 வோல்ற் வருகிறது என்று வையுங்கள். கேத்தலின் தடை அதே 26 ஓம் அளவுதான். 200 வோல்ற்றுக்கு ஓட்டம் 7.6 அம்பியராகக் குறையும். வலு 1500 வாற் அளவுக்கு இறங்கும். வோல்ற் 13 சதவீதம் குறைந்ததற்கு வலு ஏறத்தாழ கால்வாசி குறைந்துவிட்டது. கேத்தல் கொதிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் மோட்டருக்குத்தான் உண்மையான சேதம்: வேலையைச் செய்து முடிக்க அது கூடுதல் அம்பியரை இழுக்கும், சுருள் சூடாகும், ஒருநாள் எரியும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கடன்பட்டு மோட்டர் வாங்கிய குடும்பத்துக்கு அது ஒரு போகத்தின் வருமானம்.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற், அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம், 6 சதவீதம் குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். தெரிந்த வயரிங் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு மல்ரி மீற்றரில் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் அளந்து, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். "கரண்ட் குறைவாக வருகிறது" என்ற முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம். "இந்தத் திகதி, இரவு 7 மணிக்கு 198 வோல்ற்" என்று ஏழு வரி எழுதியிருந்தால் அவ்வளவு இலகுவில்லை.

முறைப்பாட்டை முதலில் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தியில்லாவிட்டால் கொள்ளுப்பிட்டி ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கட்டணத்தை மாற்ற முன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தையும் கேட்கிறது. அங்கே "கட்டணம் கூட" என்று சொல்பவர்கள் பலர் இருப்பார்கள். "எங்கள் வீட்டில் மூன்று குடும்பம், ஒரே மீற்றர், ஆளுக்கு 120 அலகுக்குக் கிட்ட, ஆனால் 180க்கு மேற்பட்ட விலையில் கட்டுகிறோம்" என்று கொப்பியுடன் போய்ச் சொல்பவர்களும் வேண்டும்.

இன்று மாலை செய்யக்கூடியது ஒன்று: வீட்டில் சூடாகும் பொருட்கள் எல்லாவற்றின் வாற்றையும், நாள் முழுக்க ஓடும் பொருட்களின் வாற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணித்தியாலத்தைப் போடுங்கள். பெருக்கி, கூட்டி, 1000ஆல் வகுத்து, 30ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணை அடுத்த பில்லுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் எங்கே குறைக்கலாம் என்று தெரியும். தூரமாக இருந்தால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.